வெள்ளைக்கல்லும் காந்தக்கல்லும்

ஐயா, வணக்கம். ஏற்காட்டில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். தமிழ்நாட்டின் கனிம வளங்களை இரண்டு பீரியட் நடத்தி, மூன்று முறை வாய்விட்டு வாசிக்க வைத்தேன். அன்றைக்குக் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து வைத்த சிறுதேர்வில் பாதிப் பேர், சேலம் பக்கத்துக் கஞ்சமலையில் மேக்னடைட் என்று எழுதாமல் மேக்னசைட் கிடைக்கிறது என்று தப்பாக எழுதியிருக்கிறார்கள். மறுபடி நடத்தட்டுமா? பாடம் முடிக்க நாளும் இல்லை.

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள ஆசிரியைக்கு,

மறுபடி நடத்த வேண்டாம், கேள்வி கேளுங்கள்.

டக்கென்று வந்த பதிலை நம்பியதுதான் சிக்கல். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். எல்லாரும் ஒரு பத்தியைப் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே இரண்டாம் முறை படித்தார்கள். மற்றவர்கள் அதை மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் போனதும் அவர்களுக்கு 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஆகவே ஒவ்வொரு பீரியடிலும் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். புத்தகம் பைக்குள் போகட்டும், மேசையில் இருந்தால் கண் அங்கேதான் போகும். அரைத்தாளில் நாலு கேள்வி: நேற்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. மூன்று நிமிடம் எல்லாரும் எழுதட்டும். கை தூக்கச் சொன்னால் முன்பெஞ்சு நாலு பேர்தான் யோசிப்பார்கள். பிறகு விடையைச் சொல்லி, சிவப்புப் பேனாவால் அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். திருத்தாத தப்பு அப்படியே படிந்துவிடும். மார்க் போடாதீர்கள், போட்டால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். பாதிப் பேர் வெற்றுத்தாள் நீட்டினால் கேள்வி கனம் என்று அர்த்தம். விடையின் முதல் எழுத்தைக் கொடுத்து மறுநாள் கேளுங்கள்.

‘மெல்லக் கற்போர்’ என்று பிரித்து, மாலையில் ஒரே விடையைப் பத்து தடவை பார்த்து எழுத வைக்கிறோமே, அதில் கை வலிப்பதுதான் மிச்சம்.

கஞ்சமலை விஷயம் வேறு. அது மறதி அல்ல, குழப்பம். மேக்னசைட், மேக்னடைட் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் படித்தால் ஒலி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு கல்லையும் ஒரே மேசையில் வையுங்கள். சேலத்தை ஒட்டிய சுரங்கத்து வெள்ளைக்கல் மேக்னசைட்: மக்னீசியம் கார்பனேட், உலைக்குள் அடுக்கும் செங்கல் செய்ய உதவுவது. கஞ்சமலைக் கருங்கல்லில் இருப்பது மேக்னடைட், இரும்புத் தாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொடுத்து, எதில் ஒட்டும், ஏன் என்று முதலில் எழுத வையுங்கள். அப்புறம் ஒட்டிப் பார்க்கட்டும். அதோடு உங்கள் சேர்வராயன் மலையின் பாக்சைட்டையும் (அலுமினியத் தாது) சேர்த்து, தலைப்பு சொல்லாமல் மூன்றையும் கலந்து கேளுங்கள். ‘மேக்னசைட் பற்றி எழுது’ என்றால் எதைப் பற்றி என்பதை நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

திருப்புதல் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறதென்றால், இதே கேள்விகளை அடுத்தடுத்த நாளில் கேட்டுத் தீர்க்காமல் பத்து நாள் விட்டுக் கேளுங்கள். கொஞ்சம் மறந்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வகுப்பு தடுமாறும், “முன்னாடி ஈசியா இருந்துச்சே மிஸ்” என்பார்கள். அதற்காக வாசிப்புக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அன்புடன்.