திரை தனி, பெட்டி தனி

கடிதம்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், அஞ்சலிப் பதாகை, ரியூஷன் வகுப்புச் சுவரொட்டி முதலியவற்றை வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். இதுவரை பாவித்த மடிக்கணினி, பெரிய கோப்பொன்றைத் திறந்தாலே நின்றுவிடுகிறது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் புதுக் கணினிக்குக் காசு சேர்த்து வைத்திருக்கிறார். கடைக்காரர் திரைக்குள்ளேயே கணினியும் அடங்கிய 24 அங்குல ஆல்-இன்-வன் ஒன்றைக் காட்டி, "ஒரே ஒரு வயர்தான், மேசையில் இடமும் பிடிக்காது" என்கிறார். அண்ணனோ, திரையும் கணினிப் பெட்டியும் தனித்தனியான டவர்தான் வாங்க வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. எங்கள் வீட்டில் இதற்கென்று தனி அறை கிடையாது. இன்னொன்று: நான் திரையில் வைக்கும் மஞ்சள் அச்சில் எப்போதும் பச்சை கலந்தே வருகிறது. அதற்கும் கணினிதான் காரணமா? நீங்கள் அச்சகத்தில் வேலை செய்த காலத்தைப் பற்றி எழுதியிருந்ததால் உங்களிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி, ஹட்டன்

பதில்

அன்பின் தங்கைக்கு,

உங்கள் அண்ணன் சொல்வதையே நானும் சொல்வேன். வேகத்தை முன்னிட்டு அவர் அப்படிச் சொல்லியிருக்கக்கூடும். எனக்குக் காரணம் வேறு. வடிவமைப்பு வேலை செய்பவருக்குத் திரையின் ஆயுளும் கணினியின் ஆயுளும் ஒன்றல்ல. நல்ல திரையொன்று பத்து ஆண்டுகள் உழைக்கும். உள்ளே இருக்கும் பாகங்களோ ஐந்தாறு ஆண்டுகளில் புதிய மென்பொருளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறத் தொடங்கிவிடும். இவ்விரண்டையும் ஒரே ஓட்டுக்குள் அடைத்தால், முதலில் சாகிற பாகம் மற்றதையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பண்டாரவளையில் இருந்தபோது என்னிடம் ஓர் ஆல்-இன்-வன் இருந்தது. ஐப்பசி மாதத்து மாலையொன்றில், மழை தொடங்குவதற்கு முன்பே இடி விழுந்தது. மேசையிலிருந்த கணினி 'டிக்' என்ற ஒரே சத்தத்தோடு அணைந்தது. அதைப் பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடி முன்சீட்டில் இடித்துவிடுமோ என்று பயந்து கையைக் குறுக்கே கொடுத்துக்கொண்டு போன பயணம் அது. திருத்துபவர் பின்மூடியைக் கழற்றி, மதர்போர்டில் கறுத்துப்போயிருந்த மூலையைக் காட்டினார். அந்த மொடலுக்கென்றே வெட்டப்பட்ட போர்ட் அது. வேறெதுவும் பொருந்தாது, அதுவும் இப்போது வருவதில்லை என்றார். திரையில் ஒரு புள்ளிகூடப் பழுதில்லை, ஆனால் வெளியிலிருந்து அதற்குள் படத்தை அனுப்ப வழியேதும் இருக்கவில்லை. இன்றும் அது எங்கள் அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

டவராக இருந்திருந்தால் அன்று எரிந்தது எதுவோ அதை மட்டும் ஒரு கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய வேறுபாடாகத் தோன்றாது. கணினிக் கடைகள் நிறைந்த, பம்பலப்பிட்டியிலுள்ள யுனிட்டி பிளாசாவுக்கு அரைமணி நேரத்தில் போய்விடலாம். ஒரு நாள் வேலையை விட்டு, ரயிலில் இடம்பிடித்து இறங்க வேண்டிய நமக்கு, எந்தப் பாகம் போனாலும் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ள முடிவதுதான் டவரின் முதல் தகுதி. பவர் சப்ளை, ரெம் (நினைவகம்), ஹார்ட் டிஸ்க் போன்ற சில்லறைப் பாகங்கள் மலையகத்து நகரங்களிலேயே கிடைத்துவிடும்.

அடுத்தது, உங்கள் வேலைக்கு வேண்டிய வலு எவ்வளவு என்பது. ஏ3 அளவுச் சுவரொட்டியொன்றை 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் திறந்தால் குறுக்கே 3508, நெடுக்கே 4961 என்று ஏறக்குறைய 1.74 கோடிப் புள்ளிகள் வருகின்றன. அச்சின் நான்கு வண்ணங்களுக்குப் புள்ளியொன்றுக்கு நான்கு பைட் என்று வைத்தால், முழுதாக நிரம்பிய ஓர் அடுக்கே 70 மெகாபைட் நினைவகத்தைப் பிடிக்கும். அம்மன் படம், கோபுரம், மாலை, விளக்கு, எழுத்து என்று இருபது அடுக்குகள் சேர்ந்தால் 1.4 கிகாபைட், செய்ததை அழித்துப் பின்னால் போவதற்காக போட்டோஷொப் சேமித்து வைப்பது வேறு. பத்துக்கு நான்கு அடி பெனரை 100 டி.பி.ஐ.யில் செய்தால்கூட ஓர் அடுக்குக்கு 230 மெகாபைட் ஆகிறது. கடைக்காரர் காட்டும் ஆல்-இன்-வன்னில் 8 கிகாபைட் ரெம் இருந்தால் அது இன்றைக்கே போதாது. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால், எங்கே கூட்டுவது என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். சில மொடல்களில் ரெம் போர்டோடு ஒட்டியே வருகிறது. அத்தோடு, பெரும்பாலான ஆல்-இன்-வன்களுக்குள் இருப்பது மடிக்கணினிக்கென்று செய்யப்பட்ட புரொசெசர். பெரிய திரையைப் பார்த்து பெரிய இயந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே டவரில் 16 கிகாபைட் ரெம், இன்னும் 16 கிகாபைட்டுக்கு வெறும் இடம், நிரல்களுக்கு எஸ்.எஸ்.டி. எனும் வேகமான சேமிப்பகம் ஒன்று, பழைய வேலைகளைச் சேர்த்து வைக்கச் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று என்று கேளுங்கள். தனி கிராபிக்ஸ் காட் உங்களுக்கு இப்போது வேண்டியதில்லை. வடிவமைப்பு மென்பொருள்களான கோரல் ட்ரோவும் இலஸ்ட்ரேட்டரும் அதைப் பெரிதாக நம்பியிருப்பவை அல்ல. வீடியோ, முப்பரிமாணம் என்று போகிற நாளில் அதற்கான இடத்தில் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். நிறநிறமாக விளக்கு எரியும் கண்ணாடிக் கேசிங் ஒன்றைக் கடைக்காரர் நிச்சயம் காட்டுவார். அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கானது. அந்தக் காசைத் திரையில் போடுங்கள்.

மிச்சம் பிடிப்பதற்காகப் பாவித்த அலுவலக டவர்களைப் பார்ப்பதும் தவறில்லை. ஆனால் பெரிய நிறுவனங்களின் அலுவலக டவர்கள் சிலவற்றில் பவர் சப்ளையும் போர்டும் அவரவர் சொந்த வடிவத்தில் இருக்கும். அப்போது ஆல்-இன்-வன்னின் அதே தொல்லை வேறு உருவத்தில் வந்து சேரும். புத்தகம் போல் மெலிந்திருக்கும் சிறிய கேசிங்குகளில் சாதாரண உயரமுள்ள காட் நுழையாது.

ஆப்பிளின் ஆல்-இன்-வன்னான ஐமேக், பாவித்தது ஒன்றும் உங்களுக்குக் காட்டப்படலாம் என்பதால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014இல் வந்த 27 அங்குல 5கே ஐமேக்கின் திரையில் வேலை செய்தவர் அதை மறக்க மாட்டார். அந்த நிறத்தையும் துல்லியத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பிறகு வேறொரு கணினிக்கு வெறும் மொனிட்டராக இணைக்க முடியாது. இன்டெல் சில்லுள்ள மேக்குகளுக்கு 2025இல் வந்த இயங்குதளமே கடைசி என்று ஆப்பிள் அறிவித்தும் விட்டது. 2021 முதல் வரும் 24 அங்குல ஐமேக்கிலோ வாங்கிய பின் நினைவகத்தைக் கூட்ட முடியாது. வாங்குவதானால் முதல் நாளே போதிய அளவோடு வாங்க வேண்டும்.

ஆல்-இன்-வன்னுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது குறைந்த மின்சாரத்தில் ஓடும். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மின்சாரம் போனதும் பற்றரியில் ஓட்டும் சிறிய யு.பி.எஸ். ஒன்றில் அது டவரைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தது. அடிக்கடி வீடு மாறுபவருக்கும் அது வசதிதான். அப்படித்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், வெளியிலிருந்து படத்தை உள்வாங்கும் எச்.டி.எம்.ஐ. துளை உள்ள மொடலாகப் பாருங்கள். உள்ளே இருப்பது செத்தாலும் திரை மிஞ்சும்.

தனி அறை இல்லை என்கிறீர்கள். காம்பராவுக்குள் மேசைபோட்டு வேலை செய்யும் நெருக்கம் எனக்கும் தெரியும். பெரும்பாலான மொனிட்டர்களின் முதுகில் நான்கு திருகாணித் துளைகள் இருக்கும். இரும்புத் தாங்கியொன்றை வாங்கி அதைச் சுவரிலேயே பொருத்திவிட்டால், மேசையில் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மட்டும் இடம் போதும். டவரை மேசைக்கடியில் வையுங்கள், ஆனால் சீமெந்துத் தரையில் நேரே வைக்காதீர்கள். மழைக்காலத்தில் நம் தரைகள் வேர்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நான்கு அங்குல உயரத்தில் ஒரு பலகை அடித்து அதன்மேல் வையுங்கள். விறகடுப்பு உள்ள வீடானால் புகைக்கரி மின்விசிறியில் படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கவாட்டு மூடியைக் கழற்றி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஆல்-இன்-வன்னைத் திறந்து இதைச் செய்ய எனக்குத் துணிவு வந்ததே இல்லை.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி தொடங்கும்போது செருகியைப் பிடுங்கிவிடுங்கள். இணைய ரூட்டரிலிருந்து வரும் வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள், ஏனெனில் மின்னல் அந்த வழியாகவும் வரும். 650 வீ.ஏ. அளவுள்ள யு.பி.எஸ். ஒன்று, மின்சாரம் போனதும் கோப்பைச் சேமித்து அணைப்பதற்குப் போதும். லேசர் பிரின்டரை அதில் இணைக்காதீர்கள்.

இனி மஞ்சளுக்கு வருகிறேன். இதில் கணினியின் பங்கு பாதிதான். அந்த மஞ்சளைத் தெரிவுசெய்து அதன் எண்களைப் பாருங்கள். சயன் எனும் நீல மை இருக்கும் இடத்தில் 5 அல்லது 8 என்று இருக்கலாம். திரைக்குரிய நிறத்தில் வேலை செய்துவிட்டுக் கடைசியில் அச்சுக்கு மாற்றும்போது அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மஞ்சளில் அவ்வளவு சயன் சேர்ந்தாலே பச்சை தட்டிவிடும். சயனைப் பூச்சியமாக்கி, மஞ்சள் 100, மெஜந்தா எனும் கருஞ்சிவப்பு மை 15 முதல் 20 என்று வைத்தால் செவ்வந்திப் பூவின் நிறம் கிடைக்கும். மற்றப் பாதி திரையைச் சேர்ந்தது. மலிவான திரைகள் சற்று மேலிருந்து பார்த்தால் ஒரு நிறமும் நேரே பார்த்தால் வேறொரு நிறமும் காட்டும். பார்க்கும் கோணத்துக்கு நிறம் அவ்வளவாக மாறாத ஐ.பி.எஸ். வகையாகவும், திரைகளுக்கான பொதுவான நிற அளவாகிய எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியை முழுமையாகக் காட்டுவதாகவும் கேட்டு வாங்குங்கள். கடையிலிருந்து வரும் திரையின் ஒளி, அச்சு வேலைக்கு மிகவும் அதிகம். பக்கத்தில் வெள்ளைத் தாளொன்றைப் பிடித்து, இரண்டின் வெண்மையும் ஒத்துப்போகும் வரை குறைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனோடு கடைக்குப் போகும்போது, அச்சாகி வந்த உங்கள் நோட்டீஸ் ஒன்றையும், அதன் கோப்பை ஒரு பென் டிரைவிலும் எடுத்துப் போங்கள். அவர்கள் காட்டும் மொனிட்டரில் அதைத் திறந்து, நோட்டீஸைத் திரையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். பிறகு எழுந்து நின்றும் பாருங்கள். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் தனித்தனியே எழுதுவித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பாகத்துக்குப் பாகம் அது மாறும்.

அன்புடன்.