களப்போட்டியில் உங்கள் ரெட்ரீவரை நீங்களே இறக்கலாம்

சாவகச்சேரியில் ஆசிரியராக இருக்கும் வாசகர் ஒருவர், சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துவரும் ரெட்ரீவர் வகையைச் சேர்ந்த தமது 14 மாத லாப்ரடோரைத் தாமே பயிற்றி, அந்த வேலையில் நாய்கள் மோதும் களப்போட்டிக்கு ஆயத்தப்படுத்த விரும்புகிறார். முழுநேரப் பயிற்சியாளரிடம் நாயை ஒப்படைத்தால்தான் பட்டம் கிடைக்கும் என்று கூறித் தரகர் ஒருவர் பெருந்தொகை கேட்கிறாராம். அது உண்மையா என்று வினவியிருக்கிறார்.

உண்மையல்ல. களப்போட்டியில் நாய்கள் ஒன்றையொன்று முந்த வேண்டும். ஆகவே அதையே தொழிலாகக் கொண்டவர்களின் கை அங்கே ஓங்கியிருப்பது மெய்தான்; ஆனாலும் நாயைத் தாமே பயிற்றியவரும் இறங்கலாம். இந்தக் குறைக்கு மாற்றாகவே அமெரிக்க நாய்ப்பதிவுச் சங்கமான அமெரிக்கன் கெனல் கிளப் 1985இல் தரத்தேர்வுகளைத் தொடங்கியது. அங்கே போட்டியில்லை, வகுத்த தரத்தை எட்டும் நாய்கள் அனைத்தும் தேறும். தொடக்கநிலையில் நிலத்தில் இரண்டும் நீரில் இரண்டுமாக, 100 யார் (ஏறத்தாழ 91 மீற்றர்) தூரத்துக்குள் விழும் பறவையை நாய் பார்த்திருந்து எடுத்துவந்தால் போதும்; அனுப்பும்வரை கழுத்துப்பட்டியைப் பிடித்திருக்கவும் அனுமதி உண்டு. பிரித்தானியாவில் பறவைக்குப் பதிலாகக் கான்வஸ் பொதிகளைக் கொண்டு நடத்தும் பணித்தேர்வுகளும் உள்ளன. நமது சட்டம் பெரும்பாலான காட்டுப்பறவைகளைப் பாதுகாப்பதால், நாம் பின்பற்றத்தக்கது அதுவே.

களப்போட்டியில் தொழில்முறையாளர் அல்லாதவரைக் குறிக்கும் 'அமெச்சூர்' என்பதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க விதிப்படி, போட்டிக்கு முந்திய ஓராண்டில் வேட்டைநாயைப் பயிற்றுவதற்கோ களப்போட்டியில் கையாளுவதற்கோ எவ்வகை ஊதியமும் பெறாதவரே அமெச்சூர். 'எவ்வகை' என்பதில் பணம் மட்டுமல்ல, பொருளும் அடங்கும். அயலவரின் நாயைப் பழக்கிக் கொடுத்து ஒரு மூடை நெல்லை வாங்கிக்கொண்டாலும் கேள்வி எழும். மாறாக, நீங்கள் காசு கொடுத்து உங்கள் நாயை வேறொருவரிடம் பழக்குவித்தால் உங்கள் தகுதி போய்விடாது, ஏனெனில் ஊதியம் பெற்றவர் நீங்களல்லர். தரகர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

அவர்கள் காட்டும் 'சாம்பியன்' பத்திரத்துக்கும் மயங்காதீர்கள். நாய்க் கண்காட்சி மேடையில் தரும் அப்பட்டம் நாயின் உடலமைப்புக்குக் கிடைப்பது. அது தண்ணீரில் இறங்குமா என்பதை அப்பட்டம் சொல்லாது. பயிற்சியாளரிடம் மூன்று மாதம் விட்டுவைத்த நாய் பயிற்றியவரின் விசிலுக்கு ஓடும், உங்கள் விசிலுக்குத் திரும்பிப் பார்க்கும் அவ்வளவே. ஆகவே, உங்கள் விசிலுக்கு நாய் வேலை செய்வதை நீரிலும் நிலத்திலும் கண்ணால் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். காட்சிக்கு மண்டபமும் கோப்பையும் ஒழுங்குசெய்ய முடிந்தவர்களால், நாய் செய்யும் வேலையைப் பார்க்க ஒரு தரவையையும் இரண்டு நடுவர்களையும் ஏன் ஒழுங்குசெய்ய முடியவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை.

அதுவரை நாய் வளர்க்கும் நாலைந்து பேர் சேர்ந்தாலே தேர்வை நாமே நடத்திப் பார்க்கலாம், ஏனெனில் தனியாளுக்கு உண்மையில் இல்லாதது தூரத்தில் நின்று பொதியை எறிய ஓர் ஆள்தான். அரைக்கிலோ அளவில் கான்வஸ் பொதி தைத்து, உள்ளே பழைய வலைமிதவையை வைத்தால் நீரிலும் மிதக்கும். காலபோக அறுவடை முடிந்த வயல் நிலப்பயிற்சிக்கு ஏற்றது. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுங்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களுக்கோ பற்றைக்குள்ளோ பொதியை எறியவே கூடாது. நீர்ப்பயிற்சிக்கு ஆழமும் அடியும் தெரிந்த குளத்தைத் தேர்ந்து, மாரி நீர் வற்றுமுன், நாய் நடந்தே எடுக்கக்கூடிய கரையோரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.