பழைய லாரியின் இன்ஜினை இறக்குவதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

கேள்வி: சங்ககிரி வட்டாரத்தைச் சேர்ந்தவன் நான். என் தாத்தா ஓட்டிய 1962-ஆம் ஆண்டு டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 312 லாரி பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றிருந்தது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்று வருகிறேன். காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகுதான் இன்ஜின் பிடிக்கிறது; கண் எரியும் அளவுக்கு வெள்ளைப் புகை வருகிறது. கால் மணி நேரம் ஓடியதும் தானாக நின்றுவிடுகிறது. கைப் பம்பை அடித்தால் மீண்டும் ஓடுகிறது. ஐட்லிங்கில் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரேடியேட்டரிலும் குமிழி தெரிகிறது. இன்ஜினை இறக்கி, போர் அடித்து (சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தேய்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் இன்ஜினை இறக்கியே தீர வேண்டும் என்று சொல்லக்கூடியது ரேடியேட்டர் குமிழி ஒன்றுதான். அதையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் டீசல் வரும் பாதை, கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றுவது) ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். எல்லாத் தொல்லைகளுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று எண்ணுவதால்தான் நின்றுபோன வண்டிகளில் நல்ல இன்ஜின்கள் தேவையில்லாமல் பிரிக்கப்படுகின்றன. நீண்ட காலம் நின்ற இன்ஜினில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு கோளாறுகள் ஒரே நேரத்தில் இருப்பதுதான் வழக்கம். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வண்டியில் இருப்பது எந்த இன்ஜின் என்பதை உறுதி செய்யுங்கள். டாடா நிறுவனமும் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனமும் 1954 முதல் 1969 வரை கூட்டாக இயங்கிய காலத்தில் இந்த லாரிகள் ஜாம்ஷெட்பூரில் தயாராயின. 312 இன்ஜின் ஆறு சிலிண்டர் கொண்டது. 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), மொத்தம் 4.58 லிட்டர். இதில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் உள்ள சிறிய முன்னறையில் பீய்ச்சப்பட்டு, அங்கே எரியத் தொடங்கிய பிறகே சிலிண்டருக்குள் பரவுகிறது. பின்னால் வந்த 692 இன்ஜினில் போர் 92 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் அதே 120. அது நேரடிப் பீய்ச்சல் வகை. பழைய லாரிகளில் இன்ஜினை மாற்றிப் பூட்டியிருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோடு ஒரு ஹீட்டர் பிளக்கும் ஹெட்டில் இருந்தால் அது முன்னறை இன்ஜின். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இரண்டின் நாசிலும் (இன்ஜெக்டரின் முனை) வேறு வேறு. முன்னறை இன்ஜினுக்கு ஊசி முனை கொண்ட ஒற்றைத் துளை நாசில், சுமார் 120 கிலோ பிரஷரில் திறப்பது. நேரடி வகைக்குப் பல துளை நாசில், 200 கிலோவை ஒட்டித் திறப்பது. கடையில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டால் அதன் பிறகு செய்யும் எந்தச் சோதனையும் உங்களைத் தவறான இடத்துக்குத்தான் இட்டுச் செல்லும்.

இனி கால் மணி நேரத்தில் நின்றுபோவதைப் பார்ப்போம். கைப் பம்பை அடித்ததும் உயிர் வருகிறது என்ற உங்கள் குறிப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது: பம்புக்கு டீசல் போதவில்லை, அல்லது டீசலோடு காற்றும் போகிறது. செலவே இல்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட்டுங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளை துருவாலோ தூசியாலோ அடைத்திருந்தால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து டீசலை எடுத்துத் தரும் ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் திணறும். இன்ஜின் நின்ற உடனே மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டால் காரணம் தெரிந்துவிட்டது.

மூடியைத் தளர்த்தியும் நின்றால், ஃபில்டருக்கும் டீசல் பம்புக்கும் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது) இடையே உள்ள குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு முழ நீளத்துக்குத் தற்காலிகமாகப் பூட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் அமர்ந்து அந்த ஹோஸையே பாருங்கள். முதல் சில நிமிடங்கள் டீசல் நிறைந்து, அசைவே தெரியாமல் ஓடும். பிறகு கடுகளவு குமிழிகள் ஒன்றிரண்டாக வரும். நேரம் ஆக ஆக அவை ஒன்றுசேர்ந்து விரல் நீளக் காற்றுத் துண்டுகளாக நகரும். அப்படி ஒரு துண்டு பம்புக்குள் போனதும் இன்ஜின் தடுமாறும். இதைக் கண்டுவிட்டால் காற்று புகும் இடம் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். ஏனெனில் அந்தப் பகுதியில்தான் பம்ப் உறிஞ்சுகிறது. அங்கே கசிவு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்; எனவே குழாய் வெளியே காய்ந்திருக்கிறது என்பதால் அது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. செப்பு வாஷர்கள் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். வெடித்த ரப்பர் ஹோஸ்களையும், கைப் பம்பின் தேய்ந்த சீலையும் மாற்றுங்கள். டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாயில் துருப்பிடித்து ஊசித் துளை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டேங்க் முக்கால் பங்கு இருக்கும்போது ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் மக்கர் செய்யும் வண்டிகளில் பெரும்பாலும் இதுவே காரணம். குமிழியே இல்லாமல் டீசல் ஓட்டம் மட்டும் மெலிந்துகொண்டே போனால் அடைப்பு என்று பொருள். டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர்களை மாற்றுங்கள்.

ஐட்லிங் ஏறி இறங்குவதற்கும் இதே காற்று காரணமாக இருக்கலாம். ஆகவே குமிழி அடங்கிய பிறகே கவர்னருக்கு வாருங்கள். அந்தக் கால இன்ஜின்களில் டீசல் பம்பின் பின்புறம் வெற்றிடத்தால் இயங்கும் கவர்னர் இருக்கும். காற்று உள்ளே போகும் வழியில் உள்ள பட்டர்ஃப்ளையிலிருந்து ஒரு சிறு குழாய் வந்து, கவர்னருக்குள் இருக்கும் தோல் டயஃப்ரத்தை (மெல்லிய சவ்வு) இழுத்துப் பிடிக்கிறது; அந்த இழுவையை எதிர்த்து ஒரு ஸ்பிரிங், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற தண்டை முழு டீசல் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீண்ட நாள் நின்ற வண்டியில் தோல் காய்ந்து விறைத்துவிடும் அல்லது மடிப்பில் கீறல் விழும். இன்ஜின் நின்றிருக்கும்போது அந்த வெற்றிடக் குழாயைக் கழற்றி, ரேக்கை ஸ்டாப் பக்கம் முழுமையாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் பூட்டும் வாயைக் கட்டை விரலால் இறுக்கி மூடுங்கள். பிறகு ரேக்கை விடுங்கள். டயஃப்ரம் நன்றாக இருந்தால் ரேக் சிறிது நகர்ந்து அங்கேயே தயங்கி நிற்கும், பிறகு மிக மெதுவாகத்தான் ஊரும். கிழிந்திருந்தால் தடையின்றித் திரும்பி ஓடிவிடும்.

கிழிந்த டயஃப்ரத்தோடு இன்ஜினை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால் ஸ்பிரிங் முழு டீசலையும் திறந்துவிடும். இன்ஜின் கட்டுக்கடங்காத வேகத்தில் ஏறி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட், சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும் அளவுக்குப் போகலாம். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து. பழைய டீசல் இன்ஜினைச் சோதிக்கும் எல்லா நாளிலும் ஏர் கிளீனரைக் கழற்றிய வாயை மூடத் தோதான தடித்த பலகை ஒன்றை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். வெறும் கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது.

வெள்ளைப் புகை விஷயத்தில் நீங்கள் 'கண் எரிகிறது' என்று எழுதியது மிகவும் உதவுகிறது. எரியாத டீசல் கண்ணை எரிக்கும், நீராவி எரிக்காது. சைலன்சர் வாயில் வெள்ளைத் தாள் ஒன்றைச் சில விநாடிகள் காட்டி எடுத்து நிழலில் காயவிடுங்கள். ஈரம் மறைந்து தாள் பழையபடி ஆனால் தண்ணீர். எண்ணெய்க் கறை தங்கினால் டீசல். இன்ஜின் சூடேறியதும் புகை அடங்குகிறது என்றால் குளிர்ந்த நிலையில் முன்னறை போதிய அளவு சூடாகவில்லை என்றே பொருள்; முதலில் ஹீட்டர் பிளக்குகளைச் சந்தேகியுங்கள். அந்தத் தலைமுறை ஹீட்டர் பிளக்குகள் ஆறும் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் ஆறும் எரியாது. ஸ்விட்சைப் போட்டு, ஒவ்வொரு பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். அறுந்த பிளக்கில் மட்டும் பேட்டரியின் முழு வோல்டேஜ் காட்டும். மற்றவற்றில் ஒன்றும் காட்டாது. ஒரு பிளக்குக்கு ஓரிரு வோல்ட்தான் தேவை என்பதால், தனியாகக் கழற்றி நேரே பேட்டரியில் வைத்துச் சோதித்தால் நல்ல பிளக்கும் அந்தக் கணமே எரிந்துபோகும். ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காக ஏர் கிளீனரில் ஈதர் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அது உள்ளே வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும்.

ஹீட்டர் பிளக் சரியாக இருந்தும் புகை நீடித்தால் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டறிய வேண்டும். ஐட்லிங்கில் ஒவ்வோர் இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் பம்ப் பக்கத்தில் அரைச் சுற்றுத் தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். நல்ல சிலிண்டராக இருந்தால் இன்ஜின் ஓசை உடனே தடுமாறும். ஓசை மாறாத சிலிண்டரே நோயாளி. அதன் இன்ஜெக்டரை எடுத்து, புது வாஷரோடு, நன்றாக ஓடும் சிலிண்டரில் பூட்டுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டரைச் சர்வீஸுக்குக் கொடுத்தால் போதும். அதே சிலிண்டரில் தங்கிவிட்டால் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு), பம்பில் அந்தச் சிலிண்டருக்கு டீசலைத் தள்ளும் பிளஞ்சரையும் பார்க்க வேண்டும். பீய்ச்சும் டீசலின் எதிரே விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கம்ப்ரஷன் பார்க்கும் முன் வால்வுகளின் டாப்பெட் இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி வைத்துவிடுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். ஆறு சிலிண்டர் எண்களையும் எழுதி வையுங்கள். எல்லாம் சற்றுக் குறைவாக, ஆனால் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். நின்ற வண்டியில் பிஸ்டன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்ட ரிங்குகள், சுமையோடு சில நூறு கிலோமீட்டர் ஓடினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், சிலிண்டரில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் பெட்ரோல் இன்ஜின் வழக்கத்தை இங்கே நம்ப வேண்டாம். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் மிகச் சிறியது. ஒரு கரண்டி எண்ணெயே அந்த இடத்தை நிரப்பி, தேய்ந்த சிலிண்டரையும் நல்லதாகக் காட்டிவிடும். அதற்குப் பதிலாக அந்தப் பிஸ்டனை இரண்டு வால்வும் மூடிய நிலையில் மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்துவிட்டு, இன்ஜெக்டர் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விடுங்கள். காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஏர் கிளீனரில் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் அல்லது பிஸ்டன். வால்வு சீட்டில் துரு படிந்திருந்தால் ஹெட்டை மட்டும் இறக்கினால் தீர்ந்துவிடும்.

ரேடியேட்டர் குமிழிக்கு வருகிறேன். இன்ஜின் முழுமையாக ஆறியிருக்கும் காலை வேளையில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, வாட்டர் பம்ப் சுற்றாதபடி செய்து, ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் பம்பு கலக்குவதால் வரும் குமிழி இப்போது வராது. அப்படியும் முதல் நிமிடத்திலிருந்தே விடாமல் குமிழி வந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கூடினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்பது உறுதி. ஓரிரு நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட்ட வேண்டாம். சூடேறிய பின் மூடியைத் திறக்கவும் வேண்டாம். ஹெட்டை இறக்கினால் அதன் அடியில் உள்ள கேஸ்கெட்டை மட்டும் மாற்றித் திருப்தி அடையாமல், ஹெட்டின் சமதளத்தைப் பார்த்து, முன்னறைகளைச் சுற்றியும் வால்வு சீட்டுகளுக்கு நடுவிலும் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் சோதனை செய்து வாங்குங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டப்பட்ட பழைய லாரிகளில் தண்ணீர்ப் பாதை துருவால் அடைத்து, அந்த இடத்தில் ஹெட் வெடிப்பதுண்டு.

கிராங்க் தேய்ப்பது பற்றி மெக்கானிக் சொல்வதை இப்போது ஏற்க எந்தச் சான்றும் இல்லை. டாஷ்போர்டில் உள்ள பழைய மீட்டரை நம்பாமல், தனியாக ஒரு ஆயில் பிரஷர் கேஜைப் பூட்டி, சூடான இன்ஜினில் ஐட்லிங்கிலும் வேகத்திலும் பாருங்கள். பிரஷர் கையேட்டின் அளவில் இருந்து, அடியில் தட்டும் ஓசையும் இல்லாவிட்டால் கிராங்கைத் தொடாதீர்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் கூடிக்கொண்டே போகிறதா என்பதையும் பாருங்கள்; அந்த ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப் வழியாகவோ வேலை செய்யாத சிலிண்டர் வழியாகவோ டீசல் கலக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் நன்றாக இருக்கும் பேரிங்கும் போய்விடும்.

எல்லாம் பார்த்தும் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், எண் பொறித்த பிளாக்கை மாற்றாமல் காப்பாற்றுங்கள். போர் அடிக்கும் முன் அந்த அளவுக்குப் பிஸ்டனும் ரிங்கும் கையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். முன்னறை இன்ஜினுக்கான உருப்படிகள் இன்று எளிதாகக் கிடைப்பதில்லை. டீசல் பம்பைக் கழற்றும்போது ஃப்ளைவீலிலும் பம்ப் கப்ளிங்கிலும் உள்ள டைமிங் குறிகளைப் படம் எடுத்து வையுங்கள். ஆறு சிலிண்டர் கம்ப்ரஷன் எண்களையும், இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்த்தபோது எந்தெந்தச் சிலிண்டரில் ஓசை மாறவில்லை என்பதையும், ஆயில் பிரஷரையும் எழுதி அனுப்பினால் அடுத்து எதைப் பிரிக்கலாம் என்று சொல்கிறேன்.