கம்பெனி காப்பீட்டில் ஆட்டிசம் தெரபி இல்லையா? யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மகனுக்கு 3 வயது. ஆட்டிசம் என்று உறுதியாகியிருக்கிறது. வாரம் 25 மணி நேரம் ஏபிஏ (நடத்தை, திறன் பயிற்சி) தெரபியும் கூடவே ஸ்பீச் தெரபியும் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'ஏபிஏ உங்கள் திட்டத்தில் விலக்கப்பட்டது' என்று இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்டது. மாநிலத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறதே என்றால், அது எங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். இதே நிலையில் இன்னும் சில பெற்றோர் எங்கள் கம்பெனியில் இருக்கிறார்கள். சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா? எச்1பி விசாவில் இருப்பதால் தயக்கமாகவும் இருக்கிறது.

பதில்: செய்ய முடியும். ஆனால் நீங்கள் தட்ட வேண்டிய கதவு மாநில சட்டமன்றமும் இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இல்லை. உங்கள் கம்பெனியில் ஊழியர் பலன்களைக் கவனிக்கும் பெனிஃபிட்ஸ் பிரிவுதான் அந்தக் கதவு.

ஆட்டிசம் சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2001இல் இந்தியானா முதலில் சட்டம் இயற்றியது. 2007இல் தெற்கு கரோலினாவில் பெற்றோர்கள் திரண்டு 'ரயன் சட்டம்' கொண்டுவந்தார்கள். ஆளுநர் அதை நிராகரித்தும் சட்டமன்றம் மீறி நிறைவேற்றியது. அதன் பிறகு மாநிலம் மாநிலமாக இந்தச் சட்டம் பரவி, இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குப் பலனில்லாமல் போனதற்குக் காரணம், உங்கள் கம்பெனி காப்பீட்டை விலைக்கு வாங்கவில்லை. ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தன் பணத்திலிருந்தே கட்டுகிறது. அட்டையில் பெயர் போட்டிருக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் க்ளெய்ம் பார்க்கும் வேலையை மட்டும் செய்கிறது. இதை 'செல்ஃப்-ஃபண்டட்' திட்டம் என்பார்கள். எரிசா எனப்படும் 1974ஆம் ஆண்டின் மத்திய ஊழியர் பலன்கள் சட்டப்படி இவற்றை மாநிலக் காப்பீட்டுச் சட்டம் தொட முடியாது. அமெரிக்காவில் வேலை வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட திட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

எனவே 'அது எங்களுக்குப் பொருந்தாது' என்று அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. ஏபிஏவைச் சேர்க்கும்படி மாநிலச் சட்டம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. சேர்க்கக்கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திட்டத்தை எழுதியது கம்பெனி. அதைத் திருத்தும் உரிமையும் கம்பெனிக்கே இருக்கிறது, ஆண்டின் நடுவில்கூட.

முதலில் உங்கள் திட்டம் எந்த வகை என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் சொல்வதை நம்ப வேண்டாம். திட்டத்தின் பலன்களையும் விதிகளையும் விவரிக்கும் 'சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன்' (எஸ்பிடி) என்ற ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். அதன் கடைசிப் பக்கங்களில் நிதி ஏற்பாடு என்ன, திட்டத்துக்குச் சட்டப்படி பொறுப்பான 'பிளான் அட்மினிஸ்ட்ரேட்டர்' யார் என்று இருக்கும். மத்திய அரசின் தொழிலாளர் துறை இணையதளத்தில், உங்கள் கம்பெனி திட்டத்தைப் பற்றித் தாக்கல் செய்த ஆண்டறிக்கையான படிவம் 5500ஐயும் தேடிப் பார்க்கலாம். அதில் 9ஏ கட்டத்தில் 'நிறுவனத்தின் பொதுச் சொத்து' என்ற இடத்தில் குறியிட்டிருந்தால் பெரும்பாலும் செல்ஃப்-ஃபண்டட்தான். பல் காப்பீடு, ஆயுள் காப்பீடு எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் சேர்த்திருந்தால் இரண்டு மூன்று கட்டங்களில் குறி இருக்கும். அதைப் பார்த்துக் குழம்பாமல் எஸ்பிடியோடு ஒப்பிடுங்கள். ஒருவேளை அது விலைக்கு வாங்கிய காப்பீடு என்று தெரிந்தால் வழியே வேறு. மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் செய்யலாம். அப்போதும் பெரும்பாலும் செல்லுபடியாவது, பாலிசி வழங்கப்பட்ட மாநிலத்தின் சட்டம்தான், நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டமல்ல.

அடுத்தது மத்திய அரசின் சட்டம். 2008ஆம் ஆண்டின் மனநலச் சமத்துவச் சட்டம் செல்ஃப்-ஃபண்டட் திட்டங்களுக்கும் பொருந்தும். மனநலப் பலன்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஒரு நிலைக்குப் பலன் கொடுத்தால், உடல்நோய்க்கு இல்லாத கட்டுப்பாட்டை அதற்குமட்டும் வைக்கக்கூடாது என்கிறது. ஆட்டிசத்துக்குப் பரிசோதனை செய்வோம், மருந்து தருவோம், ஏபிஏ மட்டும் கிடையாது என்று ஒரு திட்டம் எழுதியிருந்தால், அந்த விலக்கை எந்த அளவுகோலில் வைத்தார்கள் என்று கேட்க இடமிருக்கிறது. 2021இல் நடப்புக்கு வந்த திருத்தம் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளுக்கு 'ஒப்பீட்டு ஆய்வு' ஒன்றை எழுதி வைத்திருக்கும்படி திட்டங்களைக் கட்டாயப்படுத்துகிறது. தொழிலாளர் துறை இப்படியான ஏபிஏ விலக்குகளைத் துருவிக் கேட்டு நீக்க வைத்திருக்கிறது.

அந்த ஆய்வின் நகலை நீங்களும் கேட்கலாம். நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். கடிதத்தை அட்டையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் முகவரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். எஸ்பிடியில் 'பிளான் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு, பெரும்பாலும் உங்கள் கம்பெனிக்கே, ரசீதுடன் கூடிய பதிவுத் தபாலில் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் 30 நாள் கெடு ஓடத் தொடங்கும். கேட்ட திட்ட ஆவணங்களைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்க முடியும். நீங்கள் வழக்குப் போடாவிட்டாலும், இப்படி ஒரு கடிதம் வந்தால் அது கம்பெனியின் வழக்கறிஞர் மேசைக்குப் போகும். அதுவே பாதி வேலை.

உங்கள் மகனின் மறுப்பு மீதான மேல்முறையீட்டையும் கையோடு போட்டுவிடுங்கள். மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. அதில் சமத்துவச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். வெறும் 'விலக்கு' என்பதால் வந்த மறுப்பை, திட்டத்துக்கு வெளியே உள்ள சுயேச்சையான அமைப்பு பார்க்கும் வெளி மறுஆய்வுக்குக் கொண்டுபோவது கடினம். சமத்துவக் கேள்வி சேர்ந்தால் அந்த வழி திறக்கும். இறுதி மறுப்பு வந்த பிறகு வெளி மறுஆய்வு கேட்க 4 மாதம் இருக்கிறது. தொழிலாளர் துறையில் ஊழியர் பலன்களைக் கண்காணிக்கும் எப்சா பிரிவில் (1-866-444-3272) கட்டணமின்றி ஆலோசனை தருவார்கள். தேவைப்பட்டால் அவர்களே கம்பெனியோடு பேசுவார்கள்.

இனி கூட்டு முயற்சி. காலம் தவறினால் எவ்வளவு நல்ல கடிதமும் வீண். ஜனவரி 1இல் தொடங்கும் திட்டம் என்றால், அடுத்த ஆண்டுக்கு என்ன சேர்ப்பது என்ற பேச்சு வசந்த காலத்திலேயே தொடங்கி, கோடை முடிவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அக்டோபர், நவம்பரில் 'ஓப்பன் என்ரோல்மென்ட்' (அடுத்த ஆண்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் காலம்) மெயில் வந்த பிறகு விழித்துக்கொண்டு கேட்பவர்களுக்கு 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்ற பதில்தான் கிடைக்கும். மார்ச்சுக்குள் உங்கள் கடிதம் பெனிஃபிட்ஸ் இயக்குநரின் கையில் இருக்க வேண்டும்.

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். குழந்தைகளின் பெயர், அறிக்கை, படம் எதுவும் அதில் வேண்டாம். முடிவெடுப்பவருக்கு அது தேவையில்லை, உங்களுக்கும் பாதுகாப்பில்லை. எஸ்பிடியில் விலக்கு எழுதியிருக்கும் பக்க எண்ணையும் வாசகத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்றும் எழுதுங்கள். 'ஆட்டிசத்துக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால், ஆண்டுக்கு இத்தனை டாலர், இத்தனை வயது வரை என்று உச்சவரம்போடு ஒரு பலன் வந்து சேரும். ஆகவே எஃப்84.0 என்ற நோய்க்குறியீட்டுக்கு ஏபிஏ விலக்கு நீக்கப்பட வேண்டும், வயது வரம்பும் பண வரம்பும் கூடாது, ஏபிஏவுக்கான 97151 முதல் 97158 வரையான பில்லிங் குறியீடுகள் சேர வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். இவற்றில் 97153 தெரபிஸ்ட் நேரடியாகக் குழந்தையோடு செலவிடும் நேரம். 97155 மேற்பார்வை நிபுணரின் வேலை. 97156 பெற்றோருக்கான பயிற்சி. முதலாவதை மட்டும் சேர்த்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டால் தெரபி நிலையமே குழந்தையைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும்.

ஸ்பீச் தெரபியையும், அன்றாடச் செயல்களுக்கான ஆக்குபேஷனல் தெரபியையும் மறந்துவிடாதீர்கள். 'இருந்து இழந்த திறனை மீட்பதற்கு மட்டும்' என்றொரு வரி பல திட்டங்களில் ஒளிந்திருக்கும். இன்னும் பேசவே தொடங்காத குழந்தைக்கு அந்த ஒரு வரி போதும், கதவை அடைக்க. ஏபிஏ பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கடுமையான விமர்சனம் வைக்கிறார்கள், எல்லாக் குடும்பமும் அதைத் தேர்ந்தெடுப்பதுமில்லை. அதனாலேயே மற்ற தெரபிகளின் கதவும் திறந்திருப்பது முக்கியம்.

செலவு எவ்வளவு ஆகும் என்ற கேள்வி நிச்சயம் வரும். நீங்களாக ஒரு தொகையைச் சொல்லாதீர்கள். க்ளெய்ம் பார்க்கும் நிறுவனத்திடமே ஊழியர் ஒருவருக்கு மாதத்துக்கு எவ்வளவு கூடும் என்ற மதிப்பீட்டைக் கேட்டு வாங்கும்படி கம்பெனியிடம் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்களிடம் அது தயாராகவே இருக்கும். துணைக்கு இரண்டு செய்திகள் போதும்: மிசௌரி மாநிலம் சட்டம் வந்த பிறகு வெளியிட்ட அறிக்கைகளில் ஆட்டிசம் செலவு மொத்த க்ளெய்மில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, மத்திய அரசு ஊழியர்களுக்கான எல்லாக் காப்பீட்டுத் திட்டங்களிலும் 2017 முதல் ஏபிஏ உண்டு.

விசா தயக்கம் இயல்பானது. ஊதியம், பலன்கள் குறித்து இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கேட்பதைத் தேசியத் தொழிலுறவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பாதுகாக்கிறது. சங்கம் இருக்க வேண்டியதில்லை, விசா வகையும் தடையில்லை. மேற்பார்வையாளர், மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தனியாகப் போகாமல் சேர்ந்து போவதற்கு இதுவே போதுமான காரணம். கம்பெனியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அல்லது பெற்றோருக்கான ஊழியர் குழு இருந்தால் அதன் பெயரில் கொடுங்கள். நீண்டநாள் ஊழியர் ஒருவர் முதல் கையெழுத்துப் போடட்டும். குழந்தையே இல்லாதவர்களும் கையெழுத்திடலாம்.

இதெல்லாம் நடக்க மாதங்கள் ஆகும். 3 வயதுக் குழந்தை காத்திருக்க முடியாது. உங்கள் பள்ளி மாவட்டத்துக்கு இன்றே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். 3 வயது முதல் சிறப்புக் கல்வி அவர்கள் பொறுப்பு, விசாவை அவர்கள் கேட்கக்கூடாது. துணைவரின் கம்பெனித் திட்டத்தில் ஏபிஏ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பெனி ஒப்புக்கொண்டால், திருத்தத்தின் வாசகத்தை எஸ்பிடியில் சேர்வதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே தெரபி நிலையம் முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கட்டும். ஜனவரியின் முதல் க்ளெய்ம்கள் பழைய விலக்கின் பேரிலேயே திரும்பி வருவது சகஜம். புதிய பலன் கணினியில் ஏறாததுதான் காரணம். அப்போது ஒவ்வொன்றுக்கும் மேல்முறையீடு போட்டுக்கொண்டிருக்காமல், மறுக்கப்பட்ட க்ளெய்ம் எண்களை ஒரே பட்டியலாக்கி பெனிஃபிட்ஸ் குழுவுக்கு அனுப்பி, அத்தனையையும் மொத்தமாக மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள்.