ஐந்துக்கு ஐந்து

அன்புள்ள ஐயா,

சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். புள்ளியியலில் வாரம் இரண்டு வகுப்புகள் நேரில், மீதி வீடியோவில். பருவத்தின் நடுவில் கருத்துப் படிவம் தந்தார்கள். பாதி வீடியோக்களை மாநகரப் பேருந்தில் வெறுமனே ஓடவிட்டவள் நான். இருந்தும் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்பது சரிதானா?

க.

அன்புள்ள க.,

2021இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தன் கருத்துருவில் சொன்ன அந்த 40 விழுக்காடு கூடுதலா குறைவா என்பதைப் பாடம் நடத்துகிறவர்கள் பேசட்டும். வீடியோவை நான் பழிக்க மாட்டேன். 2003இல் தொடங்கிய, ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் வீடியோ பாடங்களைப் பார்த்துக் கரையேறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

என்னைச் சுட்டது உங்கள் ஐந்துக்கு ஐந்து. பார்க்காத பாடத்துக்கு முழு மதிப்பெண் போட எப்படி அம்மா மனம் வந்தது? அந்தத் தாளை நம்பித்தானே அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் இதையே நடத்துவார்கள்? மனநிறைவு வேறு, கற்பது வேறு. 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், சரளமான விரிவுரையைக் கேட்டபோது நிறையக் கற்றதாக எண்ணிய இயற்பியல் மாணவர்கள், தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியபோதுதான் உண்மையில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள்.

நான் வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் படித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பில், எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கத்தை நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர், கரும்பலகையிலிருந்து திரும்பியவர், என் பேனா நின்றுவிட்டதைக் கவனித்தார். "எந்த வரியில தம்பி நின்னுட்டீங்க?" என்றார். விலகலை எதற்காக அதனாலேயே பெருக்கி வர்க்கமாக்குகிறோம் என்று விளங்கவில்லை என்றேன். எழுதியதில் பாதியை அழித்துவிட்டு, என் பெஞ்சில் இருந்த ஐந்து பேரின் உயரத்தையும் கேட்டு எழுதி, சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று கழித்து, குறைவதைக் கழித்தல் குறியோடு வைத்து, எல்லாவற்றையும் என்னையே கூட்டச் சொன்னார். பூஜ்யம் வந்தது. எதிரெதிர்க் குறிகள் ஒன்றையொன்று தின்றுவிடாமலிருக்கத்தான் வர்க்கம் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது, இன்றுவரை மறக்கவில்லை.

வீடியோவில் பேசுகிறவருக்கு உங்கள் பேனா நிற்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாரத்தில் அந்த இரண்டு வகுப்புகள். அங்கேயும் நீங்கள் வாய் திறக்காவிட்டால் பேராசிரியர் என்ன செய்வார்?

இன்றிரவு ஒரு வீடியோவை, நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பாருங்கள். பேனா எந்த நிமிடத்தில் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டுபோய் உங்கள் பேராசிரியரிடம் காட்டுங்கள். பேருந்தில் ஓடவிட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அம்மா.