ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் புகையிரதத்தின் மாதிரி செய்ய ஆசை. இலங்கையில் இருந்துகொண்டு தகவல்களை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

எந்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நீங்கள் எங்கேயோ ஒரு படத்தைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். நீலப் பெட்டி, பொன்னெழுத்து, முன்னால் புகை கக்கும் இயந்திரம். எனக்கும் அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஆனால் அந்தப் பெயரில் ஓடியது ஒரே ஒரு கோச்சி அல்ல. 1883 ஒக்டோபரில் பாரிசில் புறப்பட்டபோது அது வார்னிஷ் பூசிய தேக்குப் பெட்டிகளாக இருந்தது. இஸ்தான்புல் வரை போகவும் இல்லை. டானியூப் கரையில் ஆட்களை இறக்கி, ஆற்றைக் கடக்க வைத்து, அக்கரையில் வேறு வண்டியில் ஏற்றி, கருங்கடல் துறைமுகமான வர்ணாவிலிருந்து கப்பலில் அனுப்பினார்கள். நேரே போகும் பாதை 1889இல்தான் கிடைத்தது. இந்தக் கோச்சியை நடத்திய வாகோன்-லி என்ற படுக்கைப் பெட்டிக் கொம்பனி நீல உருக்குப் பெட்டிகளை ஓடவிடத் தொடங்கியது 1922இல். இதற்கிடையில் 1919இலிருந்து சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் சிம்ப்ளன் சுரங்கம் வழியாக மிலான், வெனிஸ் பக்கத்தால் இன்னொன்று ஓடியது. இன்றைக்குப் பணக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுவது, பழைய பெட்டிகளைத் தேடி வாங்கித் திருத்தி 1982இல் தொடங்கிய வேறொரு சேவை. கூகுளில் தேடினால் இவை எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். ஆண்டையும் பாதையையும் முடிவு செய்யாமல் பிளாஸ்டிக் தகட்டில் கத்தியை வைக்காதீர்கள்.

இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல். கொம்பனிக்குச் சொந்தமாக இருந்தவை பெட்டிகள் மட்டும்தான். இழுத்தது அந்தந்த நாட்டு ரயில்வேயின் இயந்திரம், எல்லைக்கு எல்லை மாறும். சிம்ப்ளன் சுரங்கத்தில் 1906இல் திறந்த காலத்திலிருந்தே மின்சார இயந்திரம்தான். அதனால் சுரங்க வாயில் செய்து அதற்குள்ளிருந்து நீராவி இயந்திரம் வருவதாக வைத்தால், விஷயம் தெரிந்தவன் சிரிப்பான்.

நான் எடுத்தது 1929இல் வந்த எல்எக்ஸ் வகைப் படுக்கைப் பெட்டி. நீளம் 23.45 மீற்றர். 1:87 அளவில், அதாவது உண்மையானதில் 87இல் ஒரு பங்காகச் செய்தால், 27 சென்ரிமீற்றருக்கு ஒரு துளி குறைவு, திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தை மேசைக்கு அளவாக இருந்தது. நீளமும் அகலமும் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும். கிடைக்காதது மற்றப் பக்கம். படுக்கைப் பெட்டியில் ஒரு பக்கம் நடைபாதை, மறுபக்கம் அறைகள். இரண்டு பக்க யன்னல்களும் ஒன்றுபோல இருக்காது. படம் எடுப்பவர்கள் பெட்டி நிற்கும் பிளாட்போமிலிருந்து எடுப்பார்கள், அதனால் ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம்தான் பார்க்கக் கிடைக்கும். கூரைப் படமோ அதைவிட அரிது. ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாக நிலக்கரி அடுப்பு வைத்துத் தண்ணீரைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பினார்கள். அந்த அடுப்பின் சின்னப் புகைபோக்கி கூரையின் ஒரு முனையில் இருக்கும், பலபேர் அதை விட்டுவிடுவார்கள். அதனால் அழகான படங்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, பக்கத் தோற்றம், மேல் தோற்றம் உள்ள வரைபடங்களைத் தேடுங்கள். பிரெஞ்சில் பெட்டியின் வகைப் பெயரைப் போட்டுத் தேடினால் ஆங்கிலத்தில் வராதவை வரும். உள் அலங்காரத்துக்கு நேரத்தை வீணாக்காதீர்கள், இந்த அளவில் திரைச்சீலைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

மற்றப் பக்கம் வேண்டும் என்பதற்காக நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மச்சான் ஒருவர் பாரிஸில், லாச்சப்பலில் இருக்கிறார். 1883இல் அந்தக் கோச்சி புறப்பட்ட கார் து லெஸ்த் நிலையம் அவருக்கு நடை தூரம். அவர் குடும்பத்தோடு முலூஸ் பக்கம் போவதாகச் சொன்னார். அங்கே பெரிய புகையிரத நூதனசாலை இருக்கிறது, வாகோன்-லி பெட்டிகளும் நிற்கின்றன. "மச்சான், ஆளில்லாமல் எடுங்கோ, சில்லுப் பக்கம் குனிஞ்சு எடுங்கோ" என்று எழுதியே அனுப்பினேன். வந்த படங்கள் எல்லாவற்றிலும் மச்சான். ஒன்றில் நான் கேட்ட அதே சில்லுத் தொகுதியை முழுதாக மறைத்துக்கொண்டு, கறுப்பு ஜக்கெட்டோடு சிரிக்கிறார். இவர்களுக்கு வறுத்த மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, பனங்கட்டி, அது இது என்று ஊரிலிருந்து பார்சல் கட்டி அனுப்ப வேண்டும், ஒரு வாரம் பிந்தினால் வட்ஸ்அப்பில் மனவருத்தம் வேறு. நாங்கள் ஒரேயொரு படம் கேட்டால்... சரி, விடுங்கள். அவர் இதை வாசிக்க மாட்டார்.

அடுத்தது இன்னும் சுடுகிறது. சில வருடங்களுக்கு முன் இங்கே நடந்த ஒரு கைப்பணிக் கண்காட்சியில் என் பெட்டிகளை வைத்தேன். நடுவராக வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிறம் பிழை, ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் மண்ணிறமும் கிறீமும்" என்றார். அவர் கைபேசியில் காட்டிய படம், 1982க்குப் பிறகு லண்டனிலிருந்து பயணிகளைக் கடற்கரை வரை கொண்டுபோன பிரிட்டிஷ் புல்மன் என்ற ஆடம்பரப் பெட்டிகள். அந்த நிறம் அவற்றுக்குத்தான். கடலுக்கு அந்தப்பக்கம் ஏறினால் நீலம். இதைப் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினேன். (குரலை உயர்த்தியதாகப் பிறகு ஊருக்குள் கதை வந்தது. உயர்த்தவில்லை.) எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. முதல் பரிசு ரிஜிபோமில் செய்த கோணேசர் கோவில். கோணேசருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்தக் கோபுரத்தில் எத்தனை நிலை என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை, என் பெட்டியின் நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

"வெள்ளைக்காரனின் ஆடம்பரம் எதற்கு, எங்கட திருகோணமலைக் கோச்சியைச் செய்யலாமே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். எனக்கும் ஆசைதான். எங்கள் பாதை 1676 மில்லிமீற்றர் அகலம், 1:87இல் 19.3 வரும். கடையில் வரும் எச்ஓ தண்டவாளம், அதாவது 1:87 மாதிரிகளுக்கானது, 16.5. ஐரோப்பாவின் 1435ஐ 87ஆல் வகுத்துப் பாருங்கள், அப்படியே 16.5. எங்கட கோச்சிக்குத் தண்டவாளத்திலிருந்து சில்லு வரை எல்லாம் கையால் செய்ய வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர் செய்யட்டும், நான் முதல் ஆளாக வந்து பார்ப்பேன். இங்கே உப்புக்காற்று தண்டவாளத்தைத் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், நிக்கல் வெள்ளித் தண்டவாளம் என்றால் துருப்பிடிக்காது, ஆனால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

உங்கள் ஆண்டைத் தெரிவு செய்துவிட்டுக் கருத்தில் எழுதுங்கள். 1929க்குப் பிந்திய நீலப் பெட்டி என்றால் நான் வரைந்து வைத்த இரண்டு பக்கத் தாள்களையும் ஸ்கான் பண்ணித் தருகிறேன். 1883இன் தேக்குப் பெட்டிதான் வேண்டும் என்றால் என்னிடம் ஒன்றும் இல்லை. பிரான்சில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆனால் ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்கச் சொல்லுங்கள்.