சென்னைக் கடலில் இரவில் ஒளிரும் டைனோஃபிளாஜெல்லேட் தாவரமா, விலங்கா? அதனால் ஆபத்து உண்டா?

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆபத்து பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அது என்ன உயிர் என்பது.

2019 ஆகஸ்ட் 18 இரவு திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் அலைகளை நீலமாக மின்ன வைத்தது நாக்டிலூக்கா சின்டிலன்ஸ் என்ற டைனோஃபிளாஜெல்லேட். அப்போது பலரும் அதைக் கடல்பாசி என்றார்கள். அது பாசி இல்லை. அதற்குச் சொந்தமாகப் பச்சையம் கிடையாது. டயட்டம் என்ற கண்ணாடி ஓட்டு நுண்பாசி, மீன் முட்டை, சிறு மிதவை உயிர்கள் என எதிரே வருவதை விழுங்கிப் பிழைக்கிற ஒற்றைச் செல் உயிர் அது. ஒரு செல்தான் என்றாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்வதால் கண்ணாடி டம்ளரில் கடல்நீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும்.

குழப்பம் வருவதில் ஆச்சரியம் இல்லை. நான் சென்னையில் விலங்கியல் படித்தபோது நாக்டிலூக்கா எங்களுக்குப் புரோட்டோசோவா, அதாவது ஒற்றைச் செல் விலங்குகள், பாடத்தில் வந்தது. அதே கல்லூரியில் தாவரவியல் மாணவர்கள் டைனோஃபிளாஜெல்லேட்டுக் கூட்டத்தையே பைரோஃபைட்டா என்ற பெயரில் பாசி வகையாகப் படித்தார்கள். பதினொன்றாம் வகுப்பில், விட்டேக்கர் 1969-ல் முன்வைத்த ஐந்துலக வகைப்பாட்டின்படி, இவை புரோட்டிஸ்டா என்ற தனி உலகம். இன்றைக்கும் தாவரப் பெயரிடல் விதி, விலங்குப் பெயரிடல் விதி இரண்டின் கீழும் இவற்றுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

இன்றைய வகைப்பாடு மரபணு உறவைப் பார்க்கிறது. அதன்படி டைனோஃபிளாஜெல்லேட்டுகள் ஆல்வியோலேட்டா என்ற பெருங்குழுவில் சேர்கின்றன. பாரமீசியம் போன்ற சிலியேட்டுகளும், மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியமும் அதே குழுதான். வேப்பமரத்தைவிட மலேரியாக் கிருமிதான் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம். எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தாவரமும் இல்லை, விலங்கும் இல்லை, தனி வம்சம்.

அந்த வம்சத்தின் அடையாளம் இரண்டு கசையிழைகள், அதாவது நீந்த உதவும் சாட்டை போன்ற இழைகள். ஒன்று உடலின் இடுப்புப் பள்ளத்தைச் சுற்றி ஓடும், மற்றொன்று பின்னால் நீளும். இரண்டும் சேர்ந்து இயங்கும்போது செல் பம்பரம் போலச் சுழன்றுகொண்டே முன்னேறும். பல இனங்களுக்குச் செல்லுலோஸ் தகடுகளால் ஆன கவசம் உண்டு. அந்தத் தகடுகளை எண்ணி, வரிசை பார்த்து இனம் காணும் முறையை அமெரிக்க ஆய்வாளர் கோஃபாய்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார், இன்னும் அது பயன்படுகிறது. கவசமே இல்லாத ஜிம்னோடினியம் வகைகளும் உண்டு. உட்கருவில் குரோமோசோம்கள் எப்போதும் சுருண்டு கெட்டியாகவே இருக்கும், சில இனங்களில் டிஎன்ஏ மனித செல்லில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். நாக்டிலூக்கா இங்கேயும் முரண்டு பிடிக்கும்: கவசம் இல்லை, இடுப்புக் கசையிழை இருந்த இடம் தெரியாமல் சுருங்கிவிட்டது, வளர்ந்த செல்லில் குரோமோசோம்களும் அப்படிக் கெட்டியாக இருப்பதில்லை.

விவரிக்கப்பட்ட வாழும் இனங்கள் 2,000-க்கும் மேல். ஏறக்குறைய பாதி ஒளிச்சேர்க்கை செய்யும், மீதி செய்யாது. ஆனால் இந்தப் பாதிக் கணக்கை நான் அவ்வளவு நம்புவதில்லை, ஏனென்றால் இரண்டையும் செய்கிறவை ஏராளம். எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் பிரியம் வந்ததே அவை பிழைக்கும் வழிகளைப் பார்த்துத்தான். புரோட்டோபெரிடினியம் என்ற வகை தன் கவசத்துக்குள்ளிருந்து மெல்லிய சவ்வை வெளியே விரித்து, தன்னைவிடப் பெரிய டயட்டம் சங்கிலியைப் போர்த்தி, வெளியிலேயே செரித்து உறிஞ்சிக்கொள்ளும். டைனோஃபைசிஸ் என்ற இன்னொரு வகை செய்வது திருட்டு. மீசோடினியம் என்ற சிலியேட் ஏற்கெனவே ஒரு நுண்பாசியிடம் திருடி வைத்திருக்கும் பசுங்கணிகத்தை இது உறிஞ்சி எடுத்துத் தன் உடலில் வேலை வாங்கும். அமீபோஃபிரையா மற்ற டைனோஃபிளாஜெல்லேட்டுகளுக்குள்ளேயே புகுந்து உள்ளிருந்து தின்று கொல்லும். இவை கடலில் ஒரேயடியாகப் பெருகுவதைப் பெருக்கம் என்பார்கள், அது திடீரென்று அடங்குவதற்கு இந்த ஒட்டுண்ணியும் ஒரு காரணம்.

அப்புறம் பவளங்கள். சிம்பயோடினியேசி குடும்பத்தைச் சேர்ந்தவை பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து, அதற்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை தரக்கூடியவை. கடல் சூடேறினால் இந்த உறவு முறிந்து பவளம் வெளிறிப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் நடந்தது இதுதான். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையிலுள்ள தீவுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும்போது, கண்ணுக்குத் தெரியாத இந்தக் குடித்தனக்காரர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இதே மன்னார் வளைகுடாவில் 2019 செப்டம்பரில் நாக்டிலூக்கா பெருகிக் கடல் பச்சையானது. பச்சை நாக்டிலூக்காவின் உடலுக்குள் ஒரு பசும்பாசி குடியிருக்கும், அந்த நிறம் அதனுடையது. பெருக்கத்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்களும் பவளங்களும் செத்தன. அரபிக்கடலிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குளிர்காலத்தில் இது பெரிய அளவில் பெருகி, டயட்டங்களின் இடத்தைப் பிடித்து வருகிறது. நீல ஒளியைப் படம் எடுக்கும் நேரத்தில் இதையும் நினைவில் வைக்கச் சொல்வேன். கடலில் சத்து அதிகமாகிப் போனாலும் நுண்ணுயிர்கள் இப்படிப் பெருகும், அந்தச் சத்தில் கழிவுநீருக்கும் பங்கு இருக்கலாம்.

ஒளி வருவது லூசிஃபெரின் என்ற பொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் சேரும் வேதிவினையால். அலை உடைந்து செல்லை அழுத்தும்போது உள்ளே ஒரு மின்துடிப்பு ஓடும். ஒளியுறுப்புகளில் அமிலத்தன்மை கூடும். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நீலம் பளிச்சிடும். தன்னைத் தின்ன வரும் சிறு உயிரை அதைத் தின்னும் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்கத்தான் இந்த ஒளி என்ற விளக்கம் ஆய்வாளர்களிடையே பரவலாக உள்ளது.

சரி, ஆபத்து. நாக்டிலூக்கா நரம்பு நஞ்சு எதையும் சுரப்பதாகத் தெரியவில்லை. அதன் தொல்லை உடலில் சேர்த்து வைத்திருக்கும் அம்மோனியா, அப்புறம் ஆக்சிஜன் பற்றாக்குறை. இரண்டும் மீனுக்குத்தான் அதிகம் வலிக்கும். கால் நனைக்கலாம், தோல் அரிக்கிற உடல்வாகு இருந்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஆனால் அலெக்சாண்ட்ரியம் போன்ற வேறு இனங்கள் சாக்ஸிடாக்சின் என்ற நஞ்சைத் தயாரிக்கும். நரம்பு செல்களின் சோடிய வாயில்களை அடைத்து மூச்சை நிறுத்தக்கூடியது. மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டி உண்பதால் அவற்றின் சதையில் அது சேரும். 1981-ல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. கடல் சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் மாறியிருக்கும் நாட்களில், கழிமுகத்தில் பொறுக்கிய மட்டியையும் கரை ஒதுங்கிய மீனையும் சமைக்காதீர்கள். சாப்பிட்டபின் உதடும் விரல் நுனியும் மரத்துப்போனால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள், மட்டி சாப்பிட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.